நாள்பட்ட வைரஸ் கல்லீரல் நோயும் குடல் பாக்டீரியாச் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ் ஆறு மாதங்களுக்கு மேல் உடலில் தங்கிவிட்டால் அதை நாள்பட்ட நோய் என்கிறோம். மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கங்களிலும் இந்நோயோடு வாழ்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அண்மைக் காலமாகக் குடல் பாக்டீரியாவைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். விளம்பரங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் இந்தக் கேள்விகளைப் பெருக்கியிருக்கின்றன. கீழே உள்ள விடைகள் அனைத்திலும் ஒரு கருத்தே அடிநாதமாக இருக்கிறது: குடலைப் பேணுவது கல்லீரலுக்கு உண்மையாகவே உதவும்; ஆனால் வைரஸுக்கான மருந்தின் இடத்தை அதனால் ஒருநாளும் பிடிக்க முடியாது.

குடலில் பாக்டீரியா இருப்பதே ஒரு நோய்தானா?

இல்லை. ஒவ்வொருவர் குடலிலும், குறிப்பாகப் பெருங்குடலில், கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்துக் குடலின் உட்சுவர் செல்களுக்கு உணவாகும் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. நன்மை செய்யும் இனங்கள் குறைந்து, தீங்கு செய்யக்கூடியவை பெருகி, மொத்த இனங்களின் வகையும் சுருங்கும் நிலையைத்தான் சமநிலைக் குலைவு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வைரஸ் கல்லீரலில்தானே இருக்கிறது? அதனால் குடல் ஏன் கெடுகிறது?

இது எல்லோருக்கும் எழும் ஐயம், நியாயமான ஐயமும்கூட. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இதயத்திலிருந்து நேராக வருவதில்லை. குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு, போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாய் வழியாக வருகிறது. கண்மாயின் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை வரத்துக்கால் தீர்மானிப்பதுபோல, குடலில் இருப்பது எதுவோ அதன் ஒரு பகுதி முதலில் வந்து சேரும் இடம் கல்லீரல்தான்.

எதிர்த் திசையிலும் ஒரு தொடர்பு உண்டு. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. பாக்டீரியாக்கள் அவற்றில் ஒரு பகுதியை வேறு வடிவமாக மாற்ற, ஏறத்தாழ 95 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. பித்த அமிலங்கள் கொழுப்பைச் செரிக்க உதவுவதோடு, குடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு வளரலாம் என்பதையும் கட்டுப்படுத்துகின்றன. வைரஸால் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் அழற்சியுற்று, தழும்பேறி, பித்தச் சுரப்பு குறையும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. தழும்பு முற்றிக் கல்லீரல் சுருங்கிப் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் குடற்சுவர் வீங்குகிறது, குடலின் அசைவு மந்தமாகிறது, சிறுகுடலிலும் பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. ஆக, குடல் கெடுவது கல்லீரல் நோயின் விளைவு. கெட்ட பிறகு அந்நோயை விரைவுபடுத்தும் காரணமும் அதுவே.

எப்படி விரைவுபடுத்துகிறது?

குடற்சுவரின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கும் இணைப்புகள் தளரும்போது, சிலவகைப் பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சுப் பொருள் இரத்தத்தில் கசிந்து கல்லீரலை அடைகிறது. அங்கே குப்ஃபர் செல்கள் எனப்படும் விழுங்கு செல்கள் அதை உணர்ந்து அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அந்தத் தூண்டுதலாலும் எண்டோடாக்சினின் நேரடித் தாக்கத்தாலும் நட்சத்திர வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு தழும்புத் திசுவை உண்டாக்குகின்றன. வைரஸ் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் சேதத்தின் மேல் இது கூடுதல் சேதம். மது அருந்துபவர்களுக்கு இந்தக் கசிவு இன்னும் மிகும், ஏனெனில் மது தானாகவே குடற்சுவரைப் பழுதாக்குகிறது. “பீர் மட்டும்தான் குடிக்கிறேன், விசேஷ நாளில் மட்டும்தான்” என்று சொல்பவர்கள் பலர். நாள்பட்ட பி, சி வைரஸ் உள்ளவருக்கு இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது.

எந்தப் பாக்டீரியாக்கள் குறைகின்றன, எவை கூடுகின்றன?

நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் லாக்னோஸ்பைரேசி, ரூமினோகாக்கேசி குடும்பங்கள் குறைகின்றன. ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றை உள்ளடக்கிய எண்டரோபாக்டீரியேசி குடும்பமும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெய்லொனெல்லா போன்றவையும் கூடுகின்றன. கடைசி இரண்டும் பெரும்பாலும் வாயில் வாழ்பவை. 2014-இல் நேச்சர் இதழில் வெளிவந்த சீன ஆய்வொன்று, கல்லீரல் சுருக்கம் உள்ள 98 பேரையும் நலமாக இருந்த 83 பேரையும் ஒப்பிட்டது. அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள். அவர்கள் குடலில் மிகுந்திருந்த இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை வாயிலிருந்து இறங்கியவை என்று அந்த ஆய்வு காட்டியது.

இதனால்தான் பல், ஈறுகளைக் கவனிக்கச் சொல்கிறோம். இரவில் ஒருமுறையாவது பல் துலக்குவதும், ஈறில் இரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பார்ப்பதும் கல்லீரல் நோயாளிக்கு அலங்கார விஷயங்கள் அல்ல. பல் மருத்துவரிடம் உங்களுக்கு வைரஸ் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் சுருக்கம் இருந்தால் இரத்தம் உறைவது தாமதமாகலாம் என்பதால், பல் பிடுங்கும் முன் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

குழந்தைக்கு வந்தால் ஹெபடைடிஸ் பி நிலைத்துவிடுகிறது, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போய்விடுகிறது என்கிறார்களே. இதற்கும் குடலுக்கும் தொடர்பு உண்டா?

பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் ஏறத்தாழ 90 சதவீதம் நிலைத்துவிடும்; வளர்ந்தவருக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே நிலைக்கும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. 2015-இல் தைவான் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைச் சோதித்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் முதிர்ந்திருந்த வளர்ந்த எலிகள் வைரஸை விரட்டின. முதிராத இளம் எலிகளால் முடியவில்லை. வளர்ந்த எலிகளின் குடல் பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக் கொடுத்து அழித்தபோது, அவற்றாலும் வைரஸை விரட்ட முடியவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் பக்குவப்படுவதில் குடலுக்குப் பங்குண்டு என்பதற்கு இது நல்ல சான்று. எலியில் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திவிடக் கூடாது. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தையைக் காப்பது பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசியும், மருத்துவர் சொன்னால் அதனுடன் சேர்த்துப் போடும் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும்தான். பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

வைரஸுக்கு மருந்து சாப்பிட்டால் குடல் தானாகச் சரியாகிவிடுமா?

பாதிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹெபடைடிஸ் சி-க்கு சோஃபோஸ்புவிர் அடங்கிய மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் 95 சதவீதத்தினருக்கு வைரஸ் முற்றிலும் நீங்கிவிடுகிறது. கல்லீரல் இன்னும் சுருங்காதவர்களுக்கு அதன் பிறகு குடலின் நிலையும் மெல்லத் தேறுவதைக் காண்கிறோம். கல்லீரல் சுருங்கிய பிறகு குணமானவர்களிடம் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. சில ஆய்வுகளில் பாக்டீரியா வகைகள் பெருகின, வேறு சிலவற்றில் குலைவு அப்படியே நீடித்தது. வைரஸ் போய்விட்டது என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லீரல் சுருங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வேறு மாதிரி. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்குமே தவிர வேரோடு நீக்குவது அரிது. எனவே ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திடீரெனச் சீறி எழுந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம்.

மலத்தைப் பரிசோதித்துக் குடல் பாக்டீரியா அறிக்கை தருகிறார்களே, எடுக்கலாமா?

வேண்டாம். பல ஆயிரம் ரூபாய் பிடுங்கும் அந்த அறிக்கையைக் கொண்டு உங்கள் மருத்துவர் மாற்றக்கூடிய சிகிச்சை எதுவும் இப்போது இல்லை. அந்தப் பணத்தில் வைரஸ் அளவுப் பரிசோதனையையும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனையும் எடுங்கள்.

புரோபயாடிக் (நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா) மாத்திரை சாப்பிடலாமா?

சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. கல்லீரல் பாதிப்பால் மூளைக் குழப்பம் வந்து தேறிய 130 நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பல இனப் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக்கையும், மறுபாதிக்கு வெற்றுப் பொடியையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். சிக்கல்களால் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 24 சதவீதம், இரண்டாவது பிரிவில் 45 சதவீதம். குழப்பம் மீண்டும் வருவதும் குறைவாகவே இருந்தது, ஆனால் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இந்த ஆய்வு கல்லீரல் சுருங்கி முற்றியவர்களைப் பற்றியது; கொடுத்தது ஒரு குறிப்பிட்ட கலவை, அதுவும் பெரிய அளவில். மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் ஒன்றிரண்டு இன மாத்திரைகளுக்கு இதே பலன் உண்டு என்று கொள்ள முடியாது. எந்தப் புரோபயாடிக்கும் ஹெபடைடிஸ் வைரஸை நீக்குவதாகச் சான்று இல்லை. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு அரிதாக இந்தப் பாக்டீரியாக்களே இரத்தத்தில் தொற்றுவதும் உண்டு; ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

பழைய சோறு, மோர், கூழ் ஆகியவை போதாதா?

பெரும்பாலோருக்கு இவையே நல்ல தொடக்கம். இரவில் நீரூற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. காலையில் அந்த நீராகாரத்தோடு இரண்டு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் பாக்டீரியாவுக்கு உகந்த நார்ச்சத்தும் சேர்கிறது. கேப்பைக் கூழ், கம்பங்கூழ், முளைகட்டிய பயறு, கீரை, வாழைத்தண்டு, கொய்யா எல்லாம் பெருங்குடலுக்கு நல்லுணவு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஊறவைப்பதும், வெயில் காலத்தில் மறுநாள் காலைக்குள் சாப்பிட்டு முடிப்பதும் அவசியம். கல்லீரல் சுருங்கியவர்களை நீரில் வரும் கிருமிகள் எளிதில் வீழ்த்தும். ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீரில் பரவுபவை. ஏற்கெனவே பி அல்லது சி இருப்பவருக்கு அவை வந்தால் பெரிய ஆபத்து.

உப்புதான் இங்கே கவனிக்க வேண்டியது. பழைய சோற்றுக்கு ஊறுகாயும் மோர்மிளகாய் வற்றலும் இல்லாமல் இறங்காது என்பவர்கள் உண்டு. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உப்பு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராம் அளவுக்குள் நிற்க வேண்டும். இரண்டு அப்பளமும் ஒரு துண்டு ஊறுகாயுமே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் இருக்கும். அங்கே கிடைக்கும் மோரில் உப்பு எவ்வளவு என்று அறிய வழியில்லை. வீட்டில் உப்பில்லாமல் கரைத்துச் சீரகமும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு ஒரு பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். பரோட்டா சால்னாவும் ஜிகர்தண்டாவும் எப்போதாவது ஒருநாள் என்றால் குற்றமில்லை. தினசரி வழக்கமானால் கல்லீரலில் கொழுப்பும் சேர்ந்து வைரஸின் சேதத்தைக் கூட்டும். சர்க்கரை குறைவாகப் போட்ட காபி தினம் இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன; ஆகவே காபியை நிறுத்தச் சொல்லிப் பெரியவர்களை வருத்த வேண்டாம்.

மஞ்சள் காமாலை வந்த வீட்டில் உப்பில்லா, எண்ணெயில்லாப் பத்தியமும் கீழாநெல்லியும்தானே வழக்கம்?

நம் பக்கத்தில் இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அன்பினால் செய்வதுதான் என்றாலும், நாள்பட்ட நோயாளிக்கு இந்தப் பத்தியம் பெருந்தீங்கு. வெறும் கஞ்சியும் இளநீருமாக வாரக்கணக்கில் வைத்தால் தசை கரையும். கல்லீரல் தளர்ந்தவருக்கு இரத்தத்திலுள்ள அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பெரும் பங்கு உண்டு. தசை கரைந்தால் மூளைக் குழப்பம் எளிதில் வரும். கல்லீரல் சுருங்கியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். பருப்பு, பயறு, தயிர், முட்டை, நன்கு வெந்த மீன் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். இராத்திரி படுக்கும் முன்பும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சத்துமாவுக் கஞ்சியோ கொடுங்கள், ஏனெனில் இரவு நெடும் பட்டினி அவர்களின் தசையைத்தான் முதலில் எரிக்கிறது. புரட்டாசிச் சனிக்கும் சஷ்டிக்கும் முழுப் பட்டினி விரதம் இருக்கும் அம்மாக்களுக்கும் இதைத்தான் பணிவோடு சொல்கிறோம்.

கீழாநெல்லியைப் பற்றி: 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி உடையவர்களில் கீழாநெல்லி இனத்தைச் சேர்ந்த செடியின் பொடியைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றும், வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்த அந்த முடிவைப் பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளால் மீண்டும் காட்ட முடியவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி டெனோஃபோவிரை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். பெயர் தெரியாத பச்சிலைச் சாறும் கண்ணில் விடும் மருந்தும் அதனினும் மோசம்.

மருத்துவர் இனிப்பான சிரப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று முறை மலம் போக வேண்டும் என்கிறார். எதற்கு?

அது லாக்டுலோஸ். குடல் பாக்டீரியாக்கள் புரதத்திலிருந்தும் யூரியாவிலிருந்தும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. நலமான கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். தளர்ந்த கல்லீரலால் முடியாமல் அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. லாக்டுலோஸ் பெருங்குடலில் நொதித்துப் புளிப்பை ஏற்றி, அம்மோனியாவை உறிஞ்ச முடியாத வடிவமாக்கி, மலத்தோடு வெளியேற்றுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போனால் அளவு சரி. அதற்கு மேல் போனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால், உடலில் உறிஞ்சப்படாமல் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ப்பார்கள்.

குழப்பத்தின் தொடக்கத்தை வீட்டார்தான் முதலில் காண முடியும். பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுதல், கையை முன்னே நீட்டி விரல்களை விரித்தால் மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொய்தல் ஆகியவை அடையாளங்கள். ஒரு நோட்டில் நாள்தோறும் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லித் தேதியிட்டு வையுங்கள். கடைக் கணக்கு எழுதிப் பழகிய கை, ஒருநாள் தன் பெயரின் கடைசி எழுத்தைக் கோட்டுக்குக் கீழே இழுத்துவிட்டால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கேஸ் மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் கடையிலேயே வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் இரைப்பையின் அமிலத்தைக் குறைப்பதால், அமிலத்தில் மாண்டுபோக வேண்டிய வாய்ப் பாக்டீரியாக்கள் பிழைத்துக் குடலில் குடியேறுகின்றன. கல்லீரல் சுருங்கியவர்களில் இவற்றை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்குத் தொற்றுகள் கூடுதலாக வருகின்றன. இரைப்பைப் புண் போன்ற தக்க காரணம் இருந்தால் மருத்துவரே குறித்த காலத்துக்கு எழுதித் தருவார். சளிக்கும் காய்ச்சலுக்கும் நாமாக வாங்கும் ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து, மருந்துக்கு அடங்காதவற்றை வளர்த்துவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வலி மாத்திரைகளும் கல்லீரல் சுருங்கியவருக்கு ஆகாதவை.

நலமானவரின் மலத்தை மாற்றிச் செலுத்தும் சிகிச்சை உண்டாமே?

உண்டு, ஆய்வு நிலையில் இருக்கிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் நடந்தவை சிறிய ஆய்வுகள். 2019-இல் அமெரிக்காவில், சரியாகச் சோதிக்கப்படாத மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத ஈ. கோலை தொற்றி ஒருவர் இறந்தார். முறையான ஆய்வுக்கு வெளியே யார் இதைச் செய்வதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா?

பரவாது. பி, சி வைரஸ்கள் இரத்தம், ஊசி, சவரக் கத்தி, தாய்வழி, உடலுறவு ஆகியவற்றால் பரவுகின்றன. தனித்தட்டு, தனி டம்ளர் வைத்து அவர்களை ஒதுக்காதீர்கள். பிளேடையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் தனியாக வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

வயிற்றில் நீர் கோத்தவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் அன்றைக்கே போங்கள். குடலிலிருந்து தாவிய பாக்டீரியா அந்த நீரில் தொற்றியிருக்கலாம். ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தாமதித்தால் சிறுநீரகமும் பழுதாகும். இரத்த வாந்தி, கன்னங்கரிய மலம், தடுமாறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், இரண்டு நாள் மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. இரவானால் 108-ஐ அழையுங்கள்.

செலவு தாங்காதே, எங்கே போவது?

மத்திய அரசின் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதன்கீழ் பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். மதுரைக்காரர்கள் அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை குடல் பிரிவுக்கு முதலில் சென்று விசாரிக்கலாம். போகும்போது பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் அறிக்கை, ஆதார் அட்டை, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, புரோபயாடிக் எதுவாக இருந்தாலும் அதையும் மறைக்காமல் மேசையில் வைத்துக் காட்டுங்கள்.